கோப்பு இப்போது யார் மேசையில் இருக்கிறது?

என் அம்மா மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில், நாங்கள் இருந்த லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்), இருபது வருடத்துக்கும் மேலாகக் கூட்டு பிடித்தார், அதாவது சீட்டு நடத்தினார். பத்துப் பெண்கள், ஆளுக்கு மாதம் 50 வெள்ளி (ரிங்கிட்). சம்பளம் போட்ட மறுநாள் பணம் அம்மா கைக்கு வந்துவிடும். சீட்டுக் குலுக்கி யார் பேர் விழுகிறதோ அவருக்கு அந்த மாதம் 500 வெள்ளி. பள்ளிச் சீருடை, தீபாவளி, காது குத்து, சில நேரம் சாவுச் செலவு, எல்லாம் அந்தப் பணத்தில்தான் நடந்தது. கணக்கு முழுவதும் உள்ளங்கை அளவு 555 நோட்டில் இருக்கும். பேருக்கு நேராகப் பணம் கொடுத்ததற்கு ஒரு கோடு, எடுத்ததற்கு ஒரு வட்டம். நிரம்பிய நோட்டுகளை மைலோ டின்னில் போட்டு வைத்திருந்தார்.

2014இல் அம்மா இறந்த பிறகு அந்த டின்னைத் திறந்தேன். 31 நோட்டுகள் இருந்தன. நான் இடைநிலைப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை. எங்கள் ஊர் என்றால் வரலாற்றில் முதலில் வருவது, 1948 ஜூன் 16ஆம் தேதி தோட்டத் துரைமார் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் வந்த கதை. அப்புறம் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன், 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்கள் காசு சேர்த்துத் தோட்டம் வாங்கிய கதை. இரண்டும் பெரிய கதைகள்தான். ஆனால் மாதம் 50 வெள்ளியை உருட்டிப் பிரட்டி ஒரு லயத்தையே தாங்கிய பெண்களின் கணக்கை நான் எங்கும் படித்ததில்லை. அதை முதுகலை ஆய்வாக எழுத வேண்டும் என்று அந்த டின்னுக்கு முன்னால் உட்கார்ந்துதான் முடிவு செய்தேன்.

எழுதி முடித்தேன். பகுதிநேரமாக ஐந்து வருடம் ஆயிற்று. கூட்டிக் கழித்துப் பார்த்தால் அதில் ஆய்வுக்குப் போனது மூன்று வருடம். மற்ற இரண்டு வருடமும் என் காகிதங்கள் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டிருந்தன. அதில் பாதி நேரம், பல்கலைக்கழகம் எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியாததால் போனது. அப்பாவும் அக்காவும் பட்டம் வாங்கிய வீட்டில் இதெல்லாம் சாப்பிடும்போதே காதில் விழுந்துவிடும். தோட்டத்துப் பிள்ளைக்கு யார் சொல்வார்? அதனால் இப்போது எங்கள் ஊரில் யாராவது மேற்படிப்பு பற்றிக் கேட்டு வந்தால், ஆய்வைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைத்தான் பேசுகிறேன்.

மலேசியாவில் முதுகலை மூன்று விதமாக இருக்கிறது. வகுப்புக்குப் போய்ப் பாடம் படிப்பது ஒன்று, அதில் குறைந்தது 40 கிரெடிட் முடிக்க வேண்டும். பாதி பாடம், பாதி ஆய்வு என்ற கலப்பு முறை இன்னொன்று. மூன்றாவது முழு ஆய்வு. தேசியத் தகுதிக் கட்டமைப்பில் மூன்றுமே 7ஆம் நிலைதான், முனைவர் பட்டம் 8ஆம் நிலை. எதில் சேர்ந்தாலும் பட்டத்தின் நிலை ஒன்றுதான் என்பதால், அவரவர் வேலைக்கும் குடும்பத்துக்கும் ஒத்துவருவதைத் தேர்ந்தெடுக்கலாம். தினமும் பள்ளிக்குப் போகும் எனக்கு வாராவாரம் வகுப்புக்குப் போக வழியில்லை. ஈப்போவுக்கே 30 கிலோமீட்டர், அங்கிருந்து கோலாலம்பூருக்கு ரயிலில் இரண்டரை மணி நேரம். அதனால் முழு ஆய்வு. இளங்கலையில் புள்ளி 2.50 இருந்தால் பெரும்பாலும் விண்ணப்பிக்கலாம். குறைவாக இருந்தாலும் உடனே மனம் தளர வேண்டாம், பணி அனுபவத்தைக் கணக்கில் எடுக்கும் வழிகள் இருக்கின்றன. இளங்கலையே இல்லாதவர்களுக்கும் அனுபவக் கற்றலை மதிப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளும் ஏபெல் என்ற வழி உண்டு. எந்தப் படிப்புக்கு அது செல்லும் என்று அந்தந்தப் பல்கலையில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

என் முதல் தவறு விண்ணப்பத்திலேயே நடந்தது. இணையத்தில் எல்லாக் கட்டத்தையும் நிரப்பி, கட்டணம் கட்டி, சான்றிதழ்களை ஏற்றிவிட்டுக் காத்திருந்தேன். மூன்று மாதம் பதிலே இல்லை. முழு ஆய்வுப் படிப்பில் 'இந்த மாணவரை நான் வழிநடத்துகிறேன்' என்று ஒரு விரிவுரையாளர் சம்மதித்தால்தான் விண்ணப்பம் நகரும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அப்புறம் பல்கலையின் இணையப் பக்கத்தில் ஒவ்வொருவர் என்ன ஆய்வு செய்கிறார் என்று பார்த்து, தோட்டத் தொழிலாளர் வரலாறு எழுதிய ஒரு பேராசிரியருக்கு இரண்டு பக்கத்தில் எழுதினேன். என்ன கேள்வி, கையில் என்ன ஆதாரம், ஏன் அவர் என்று. கூடவே நோட்டின் ஒரு பக்கத்தைப் பேர்களை மறைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். ஒரே வாரத்தில் பதில் வந்தது. 'நோட்டுகளை ஈரம் படாமல் வையுங்கள். அடுத்த முறை வரும்போது நேரில் பேசுவோம்.' 2015 செப்டம்பரில் பதிந்துகொண்டேன்.

இனி மேசைகளுக்கு வருகிறேன். ஆய்வு மாணவரின் காகிதம் முதலில் மேற்பார்வையாளரிடம் கையெழுத்தாகும். பிறகு துறைக்குப் போகும். அங்கிருந்து புலத்தின் பட்டமேற்படிப்புக் குழுவுக்கு. அதற்கு மேலே பட்டமேற்படிப்பை நிர்வகிக்கும் கழகமோ பள்ளியோ ஒன்று இருக்கும், பல்கலைக்குப் பல்கலை பேர் மாறும். எல்லாவற்றுக்கும் உச்சியில் செனட். பட்டம் கொடுப்பதைக் கடைசியில் உறுதி செய்வது செனட்தான். ஆய்வு முன்மொழிவு, தலைப்பு மாற்றம், மேற்பார்வையாளர் மாற்றம், தேர்வாளர் நியமனம், கால நீட்டிப்பு, எதுவானாலும் இந்தப் படிகளில் ஏதோ ஒன்றுவரை ஏற வேண்டும்.

இதில் மாணவர்கள் கவனிக்காத ஒன்று, குழு தினமும் கூடுவதில்லை. எங்கள் புலத்தில் மாதம் ஒரு முறை கூடியது. கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே பொருள்பட்டியலை மூடிவிடுவார்கள். பட்டியல் மூடிய மறுநாள் என் படிவம் போய்ச் சேர்ந்தது என்றால் ஒரு நாள் தாமதத்துக்கு ஒரு மாதம் அபராதம். நடுவில் நோன்புப் பெருநாளோ அரையாண்டு விடுமுறையோ வந்தால் இரண்டு மாதம். எனக்கு அப்படி இரண்டு தடவை நடந்தது. அதன் பிறகு வருட ஆரம்பத்திலேயே புல அலுவலகத்தில் குழு கூடும் தேதிகளைக் கேட்டு வாங்கி, சமையலறை நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்து வைத்தேன். தேதியைக் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

2017 கடைசியில் ஒரு கடிதம் வந்தது. என் மாணவர் தகுதி ரத்து. படித்துவிட்டுக் கை நடுங்கியது. அந்த அரையாண்டில்தான் நான் மும்முரமாக வேலை செய்தேன். சனி ஞாயிறு எல்லாம் தோட்டம் தோட்டமாகப் போய் 14 நேர்காணல் முடித்து, பாதியை எழுத்தாக்கியும் இருந்தேன். ஆனால் அந்த அரையாண்டுக்கான பதிவை இணையத்தில் செய்யவில்லை. கட்டணத்தை முந்தைய தடவை ஒரு வருடத்துக்குச் சேர்த்துக் கட்டியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். நினைவூட்டல்கள் எல்லாம் பல்கலை கொடுத்த மின்னஞ்சலுக்கு வந்திருந்தன. நான் அதைத் திறப்பதே இல்லை, என் சொந்த மின்னஞ்சலைத்தான் பார்ப்பேன்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். நாற்பது வருடம் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர். விடியற்காலை இருட்டில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய் நின்று, கிராணி (தோட்டத்து எழுத்தர்) பேர் கூப்பிட, 'ஆஜர்' சொல்லித்தான் அவருடைய ஒவ்வொரு நாளும் தொடங்கியது. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "காட்டுல முதுகு ஒடிய வேலை செஞ்சாலும் பெரட்டுல பேர் குடுக்கலன்னா செக்ரோல்ல விழாதும்மா. செக்ரோல்ல விழலன்னா அன்னிக்குக் கூலி இல்ல. ஒனக்கும் அதேதான் நடந்திருக்கு."

செக்ரோல் என்றால் கூலிப் பதிவேடு. அதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. அரையாண்டுப் பதிவு ஒரு பெரட்டு. முன்னேற்ற அறிக்கை இன்னொரு பெரட்டு. நீங்கள் எவ்வளவு படித்தீர்கள் என்பது மேற்பார்வையாளருக்குத் தெரியும். நீங்கள் இருக்கிறீர்களா இல்லையா என்பது பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். பல்கலை மின்னஞ்சலைக் கைப்பேசியில் போட்டு வையுங்கள். பதிவு திறக்கும் தேதியையும் மூடும் தேதியையும் எழுதி ஒட்டி வையுங்கள். பணம் கட்டினால் மட்டும் போதாது, பதிவு விழுந்ததா என்று திரையில் பார்த்து ஒரு படம் எடுத்து வையுங்கள்.

மீண்டும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மேல்முறையீடு செய்தேன். வெறும் மன்னிப்புக் கடிதமாக எழுதக் கூடாது என்று பேராசிரியர் சொன்னார். அந்த அரையாண்டில் செய்த வேலையைத் தேதிவாரியாகப் பட்டியல் போட்டு, எழுத்தாக்கிய பக்கங்களின் எண்ணிக்கையைக் காட்டி, மீதி வேலைக்கு மாதவாரியாக ஒரு திட்டம் வைத்து, அவருடைய ஆதரவுக் கடிதத்தோடு கொடுத்தேன். வாரத்துக்கு ஒரு தரம் அலுவலகத்துக்குப் போன் போட்டு "என் விண்ணப்பம் என்ன ஆச்சு?" என்று கேட்பேன். "பரிசீலனையில் இருக்கிறது" என்ற பதில்தான் வரும். ஒரு பள்ளி விடுமுறையில் நேரில் போனேன். அங்கே ஒரு மலாய் அம்மா, எல்லாரும் 'காக்' (அக்கா) என்றுதான் கூப்பிடுவார்கள், என்னை உட்கார வைத்துவிட்டு மலாயில் சொன்னார்: "சிக்கு (டீச்சர்), என்ன ஆச்சு என்று கேட்டால் எல்லாரும் பரிசீலனை என்றுதான் சொல்வார்கள். கோப்பு இப்போது யார் மேசையில் இருக்கிறது, எந்தத் தேதிக் கூட்டத்துக்குப் போகிறது என்று கேளுங்கள்." கேட்டேன். அவரே எழுந்து போய்ப் பார்த்தார். என் கோப்பு ஓர் உதவிப் பதிவாளரின் மேசையில் இருந்தது. அபராதம் கட்டிய ரசீது இணைக்கவில்லை என்பதற்காகப் பதினெட்டு நாள் அங்கேயே கிடந்திருக்கிறது. ரசீது என் கைப்பையில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டேன். மரியாதையாகக் கேட்டால் யாருமே முகம் சுளிக்கவில்லை. அந்தக் காக்குக்கு என் நன்றியுரையில் இடம் உண்டு.

நெறிமுறைக் குழுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மனிதர்களிடம் போய்ப் பேசி ஆய்வு செய்வதென்றால் தகவல் சேகரிக்கும் முன் இந்தக் குழுவின் அனுமதி வேண்டும். பள்ளிக்குள் போய்ச் செய்வதானால் கல்வி அமைச்சின் அனுமதியும் தனியாக வேண்டும். நான் இதை ஒரு சடங்காக நினைத்தேன். அனுமதி வருவதற்கு முன்னாலேயே மூன்று அத்தைகளிடம் பேசி ஒலிப்பதிவும் செய்துவிட்டேன். தெரிந்த முகம்தானே என்று. பேராசிரியர் கேட்டதும் முதல் வார்த்தையே, "அந்த மூன்றையும் பயன்படுத்த முடியாது." அனுமதிக்கு முன் சேகரித்ததைப் பின்னால் போய்ச் சரிசெய்ய வழியில்லை. அனுமதி வந்த பிறகு மறுபடியும் பேசலாம் என்றார். அது வருவதற்குள் மூவரில் ஒருவர் இறந்துவிட்டார். 1970களில் கூட்டு எப்படி நடந்தது என்று அவர் சொன்ன ஒன்றரை மணி நேரப் பேச்சில் ஒரு வரிகூட என் ஆய்வேட்டில் இல்லை. அந்த ஒலிப்பதிவை அவர் மகளிடம் கொடுத்துவிட்டேன்.

குழு என்னிடம் கேட்ட கேள்விகள் மூன்று. முதலாவது சட்டம். மலேசியாவில் கூட்டை ஒரு தொழிலாக நடத்துவதைத் தடை செய்யும் சட்டம் 1971இலிருந்து இருக்கிறது. அதன் ஆங்கிலப் பெயரிலேயே நம்முடைய 'கூட்டு' என்ற தமிழ்ச் சொல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. மலாயில் அதையே 'கூத்து' (kutu) என்கிறார்கள். 'உங்களிடம் பேசியதால் ஒரு பெண்ணுக்குச் சட்டச் சிக்கல் வராது என்று எப்படி உறுதி செய்வீர்கள்?' இரண்டாவது, 'கூட்டு பிடித்தவர் உங்கள் அம்மா. நீங்கள் அந்த ஊர் ஆசிரியை. நீங்கள் கேட்டால் அவர்களால் முடியாது என்று சொல்ல முடியுமா?' மூன்றாவது, 'நோட்டுகளில் இருக்கும் பேர்களுக்கு உரியவர்கள் யாரும் உங்களுக்குச் சம்மதம் கொடுக்கவில்லையே?'

இரண்டாவது கேள்விதான் என்னை ரொம்ப நாள் தூங்க விடவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. என் அத்தைகளை நான் வற்புறுத்துவேனா? ஆனால் யோசிக்க யோசிக்கக் குழு கேட்டது சரி என்று பட்டது. நான் வாசலில் போய் நின்றால் அவர்கள் 'வா கண்ணு' என்றுதான் சொல்வார்கள். மறுப்பு என்பது அந்த முற்றத்தில் நடக்காத காரியம். ஆகவே முறையை மாற்றினேன். என்னோடு படித்த தோழி ஒருத்தி முதலில் போய் விஷயத்தைச் சொல்வாள். ஒரு வாரம் யோசிக்க நேரம் கொடுப்பாள். வேண்டாம் என்றால் அவளிடம் சொன்னால் போதும், ஏன் என்று கேட்க மாட்டோம். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். என் முகத்துக்கு நேரே அவர்கள் அதைச் சொல்லியிருக்கவே மாட்டார்கள். அந்த இரண்டு பேரையும் இன்றும் கோயிலில் பார்க்கிறேன், எப்போதும் போலப் பேசிக்கொள்கிறோம்.

பேர்களுக்குப் பதிலாக எண் கொடுத்தேன். பெண் 1, பெண் 2 என்று. எந்த எண் யார் என்ற பட்டியல் ஒரே ஒரு தாளில், பூட்டிய அலமாரியில். நோட்டுகளை நகல் எடுத்து, நகலில் பேர்களை மறைத்து, அந்த நகலை வைத்தே வேலை செய்தேன். தோட்டத்தின் பேரும் ஆய்வேட்டில் கிடையாது.

சம்மதப் படிவம் தமிழில்தான் தயாரித்தேன். 'ஆய்வில் தன்னார்வமாகப் பங்கேற்க இசைகிறேன்' என்று எழுதியிருந்தேன். மூன்றாவது லயத்து அத்தையிடம் அதைப் படித்துக் காட்டினேன். எழுபது வயது தாண்டியவர், வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டே இருந்தார். பேனாவை நீட்டியதும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். "கையெழுத்து போட்டா வீட்டக் காலி பண்ணச் சொல்லிடுவாங்களா கண்ணு?" என்று கேட்டார்.

அவருக்கு எழுதத் தெரியும். பயம் எழுத்தைப் பற்றியது இல்லை. தோட்டம் கைமாறி, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயத்தைக் காலி செய்யச் சொன்ன நாட்களில் ஆபீசிலிருந்து வந்தவர்களும் இப்படித்தான் ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார்கள். அன்று போட்ட கையெழுத்து அவர் நினைவில் இருந்தது. நான் படிவத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டேன். அன்று பேட்டி எடுக்கவில்லை, கோப்பி குடித்துவிட்டு வந்தேன்.

கையெழுத்துக்குப் பதில் வாய்மொழிச் சம்மதத்தை ஒலிப்பதிவு செய்யலாம். நெறிமுறைக் குழுக்கள் தகுந்த காரணம் காட்டினால் அதை ஏற்கின்றன. ஆனால் என் விண்ணப்பத்தில் அதை எழுதவில்லை. திருத்தம் கொடுத்து அனுமதி வாங்க இரண்டு மாதம் போயிற்று. நம் ஊர்ப் பெரியவர்களிடம் ஆய்வு செய்யப் போகிறவர்கள் முதல் விண்ணப்பத்திலேயே வாய்மொழிச் சம்மதத்தையும் ஒரு வழியாக எழுதிவிடுங்கள். படிவத்தின் தமிழ் பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். 'பேச இஷ்டம் இருந்தா பேசுங்க, இல்லன்னா வேணாம், பாதியிலயும் நிறுத்திக்கலாம்' என்று மாற்றிய பிறகு யாருமே அர்த்தம் கேட்கவில்லை.

பேச வந்த பெண்களுக்கு ஆளுக்கு 20 வெள்ளி கொடுக்க புலத்தின் சிறு நிதியில் ஒப்புதல் கிடைத்தது. நிதிப் பிரிவு படிவம் அனுப்பியது. பணம் பெற்றவரின் பேர், அடையாள அட்டை எண், கையெழுத்து. ஒரு அலுவலகம் பேரே வெளியே வரக் கூடாது என்கிறது, இன்னொரு அலுவலகம் பேர் இல்லாமல் பணம் இல்லை என்கிறது. இரண்டு அலுவலகமும் தங்கள் அளவில் சரியாகத்தான் நடக்கின்றன. பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டும்தானே. கடைசியில் பேராசிரியர் ஒரு விளக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். பணமாகக் கொடுக்காமல், டவுன் மளிகைக் கடையில் அரிசியும் மைலோவும் மொத்தமாக வாங்கி, ஒரே ரசீதாகக் காட்டினோம். நன்கொடை எந்த உருவில், என்ன கணக்கோடு என்பதை நெறிமுறை விண்ணப்பம் எழுதும்போதே நிதிப் பிரிவிடமும் கேட்டுவிடுவது நல்லது.

சொந்தப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சொந்தமாக முதுகலைக்கோ முனைவர் பட்டத்துக்கோ கட்டும் கட்டணத்துக்கு வருமான வரியில் வருடம் 7,000 ரிங்கிட் வரை விலக்கு உண்டு. சேமநிதியிலிருந்தும் கல்விக்காகப் பணம் எடுக்கலாம். கட்டண ரசீதுகளைத் தனி உறையில் போட்டு வையுங்கள்.

2018இல் பேராசிரியர் ஓய்வு பெற்றார். பொதுச் சேவையில் ஓய்வு வயது 60. நான் சேர்ந்தபோது அவருக்கு 57. இந்தக் கணக்கை முதல் நாளே போட்டிருக்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்துக் கேட்கவில்லை. அவர் நல்ல மனிதர், ஓய்வுக்கு ஒரு வருடம் முன்னாலேயே ஓர் இளம் விரிவுரையாளரை இணை மேற்பார்வையாளராகச் சேர்த்துவிட்டார். அதனால் கைவிடப்படவில்லை. ஆனாலும் புதியவருக்கு என் இரண்டாம் அத்தியாயம் திருப்தியாக இல்லை. எட்டு மாதம் அதைத் திருப்பி எழுதினேன். அப்போது என்னைக் காப்பாற்றியது ஒரு பழக்கம். பழைய பேராசிரியரைச் சந்தித்துவிட்டு ரயிலில் திரும்பும்போதே, என்ன பேசினோம், என்ன முடிவு, அடுத்தது என்ன என்று ஐந்தாறு வரி எழுதி அவருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுவேன். மூன்று வருடத்து முடிவுகள் தேதியோடு இருந்தன. புதியவர் அவற்றைப் படித்துவிட்டு, 'சரி, இதை மாற்ற வேண்டாம்' என்று நான்கு இடங்களை விட்டுக்கொடுத்தார்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கப் போகிறேன் என்று மூன்று மாதம் முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பல்கலையின் விதி. பல இடங்களில் இப்படித்தான். அந்த அறிவிப்பு போனால்தான் தேர்வாளர்களைத் தேடத் தொடங்குவார்கள். நான் அறிவிப்புக் கொடுத்த அன்றுதான், முன்மொழிவு விசாரணையில் மாற்றிய தலைப்பு பதிவேட்டில் ஏறவே இல்லை என்று தெரிந்தது. மாற்றச் சொன்னவர்கள் ஏற்றியிருப்பார்கள் என்று நான் நம்பியிருந்தேன். தலைப்பு மாற்றத்துக்குத் தனிப் படிவம், தனிக் குழு, இன்னொரு மாதம். ஒப்புமைச் சோதனையும் ஒரு கவலை தந்தது. டர்னிடின் என்ற ஒப்புமை பார்க்கும் மென்பொருளின் அறிக்கையில் சிவப்பாகக் கிடந்ததில் பெரும்பகுதி நான் மேற்கோள் காட்டிய சட்டப் பிரிவுகளும், ஒரு கருத்தரங்கில் நானே படித்த கட்டுரையும்தான். எது எங்கிருந்து வந்தது என்று மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தால் போதும், பதற வேண்டியதில்லை.

2019 நவம்பரில் சமர்ப்பித்தேன். உள் தேர்வாளர் ஒருவர், வெளித் தேர்வாளர் ஒருவர். வெளித் தேர்வாளர் இரண்டு மாதம் வைத்திருந்துவிட்டு, நேரமில்லை என்று திருப்பிவிட்டார். மறுபடி பரிந்துரை, மறுபடி குழு. அதற்குள் 2020 மார்ச் 18 வந்தது, நாடே வீட்டுக்குள் அடங்கியது. ஜூலையில் வாய்மொழித் தேர்வு இணையம் வழி நடந்தது. எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இணையத் தொடர்பு அறுந்து அறுந்து வரும் என்பதால் முதல் நாளே ஈப்போவில் தோழி வீட்டுக்குப் போய்விட்டேன்.

வெளித் தேர்வாளர் நோட்டின் ஒரு பக்கத்தைத் திரையில் காட்டினார். "இந்த வட்டத்துக்குள் ஒரு புள்ளி இருக்கிறதே, சில இடங்களில் மட்டும். அது என்ன? அது பிழையில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்கும் முதலில் தெரியாமல்தான் இருந்தது. அம்மா சொன்னதில்லை. மூன்றாவது லயத்து அத்தைதான் சொன்னார், வாய்மொழிச் சம்மதத்துக்கு அனுமதி வந்த பிறகு, இரண்டாவது சந்திப்பில். வெறும் வட்டம் என்றால் பணம் எடுத்துவிட்டார். வட்டத்துக்குள் புள்ளி என்றால், தன் முறை வந்தும் வேறு ஒருத்தியின் அவசரத்துக்கு விட்டுக்கொடுத்தார். புள்ளி வைத்தவருக்கு அடுத்த சுற்றில் சீட்டுக் குலுக்காமலே முதல் மாதம் கிடைக்கும். 31 நோட்டிலும் தேடினேன். புள்ளி விழுந்த ஒவ்வொரு பேரும் அடுத்த சுற்றில் முதலில் வந்திருந்தது. அதை அட்டவணையாக நான்காம் அத்தியாயத்தில் போட்டிருந்தேன். தேர்வாளரிடம் பக்க எண்ணைச் சொன்னேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது ஒரு வங்கி விதி" என்றார்.

சிறு திருத்தங்களோடு தேர்ச்சி, மூன்று மாத அவகாசம். திருத்தத்தைச் செய்துவிட்டால் மட்டும் போதாது. தேர்வாளர் சொன்னது ஒரு பத்தியில், நான் செய்தது அடுத்த பத்தியில், பக்க எண் மூன்றாவதில் என்று அட்டவணை போட்டுக் கொடுத்தேன். ஏற்க மறுத்த இரண்டு கருத்துகளுக்குக் காரணம் எழுதினேன். பத்தே நாளில் ஒப்புதல் வந்தது. பிறகு செனட் கூடும் தேதியைக் கேட்டுக் குறித்துவைத்துக் காத்திருந்தேன்.

கெட்டி அட்டை போட்ட பிரதி கைக்கு வந்ததும் அத்தை வீட்டுக்கு எடுத்துப் போனேன். இப்போது மகன் வீட்டில், தாமானில் இருக்கிறார். புத்தகத்தை மடியில் வைத்து அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என் பேரு எங்கே இருக்கு?"

நான் இதை எதிர்பார்க்கவில்லை. பேர் வராமல் காப்பதற்காக எவ்வளவு படிவம் எழுதினேன். அவரிடமும் சொல்லியிருந்தேன், அன்று தலையாட்டினார். ஆனால் கையில் புத்தகமாக வந்த பிறகு கேட்கிறார், அதில் நியாயம் இருக்கிறது. அந்தப் புள்ளியின் அர்த்தத்தைச் சொன்னவர் அவர்தான். இப்போது நான் யாருக்காவது சம்மதப் படிவம் எழுத உதவினால், 'என் பேரைப் போடலாம்' என்று இன்னொரு கட்டம் வைக்கச் சொல்கிறேன், விஷயம் ஆபத்தில்லாததாக இருந்தால். ஆய்வு முடியும் நேரத்தில் மறுபடி ஒரு தரம் கேட்கச் சொல்கிறேன். ஆரம்பத்தில் பயந்தவர்கள் கடைசியில் பயப்படாமல் இருக்கலாம்.

நான்காம் அத்தியாயத்தைத் திறந்து 'பெண் 7' என்ற இடத்தைக் காட்டினேன். "இது நீங்கதான் அத்தை." பேத்தியைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைப் படிக்கச் சொன்னார். மலாயில் இருந்ததைப் பேத்தி தமிழில் சொல்லச் சொல்ல, "ஆமா, அப்படித்தான், அப்படித்தான்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். படித்து முடித்ததும் பேத்தியின் பென்சிலை வாங்கினார். 'பெண் 7' என்பதற்குப் பக்கத்தில், ஓரத்து வெள்ளை இடத்தில், ஒவ்வோர் எழுத்தாகத் தன் பேரை எழுதினார்.

அந்தப் பிரதியை நான் யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை. படிக்கக் கேட்பவர்களைப் பல்கலை நூலகத்துப் பிரதியைப் பார்க்கச் சொல்கிறேன்.